மைனஸ் ஐந்தரை

அல் வாஹாவின் முன்கதவுச் சாவி
என் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை.
பதினொரு வருஷம் இங்கே வேலை பார்த்தேன்,
பின்பக்கம், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி
இரும்புக் கதவு வழியாக.

புதன்கிழமை இடிக்கிறார்கள்.
அதற்குள் குழாய்களில் மிச்சமிருக்கும் வாயுவை
சிலிண்டரில் பிடித்து, எடைபோட்டு,
அஜ்மான் நகராட்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.
அந்தப் பழைய கம்ப்ரஸரைத் தெரிந்தவன்
எவனாவது இருக்கிறானா என்று
கான்ட்ராக்டர் தேடியிருக்கிறார்.
இருக்கிறான்.
நுவைமியாவில் வீட்டு ஏசி கழுவிக்கொண்டிருந்தான்.

கூட வந்த பையன் தன் பகதூர்.
ஒரு மணி நேரம் வழுக்க
இருபத்தைந்து திர்ஹாம் என்றேன்.
சிரித்து முடிக்க அவனுக்கு வெகு நேரமாயிற்று.
அவன் ஊரில் பனியை
வாசலிலிருந்து மண்வெட்டியால் தள்ளுவார்களாம்.

டிக்கெட் ஜன்னலில் மரிடெஸ் ஒட்டிய
மஞ்சள் வாத்து அப்படியே இருக்கிறது.
காலணி அடுக்கில் எண்கள் மட்டும்,
இருபத்தெட்டு முதல் நாற்பத்தாறு வரை.
தூணில் அந்தப் பலகை:
வெள்ளிக்கிழமை குடும்பங்களுக்கு மட்டும்.
மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள்.
தமிழ் இல்லை. இருந்தும் புரிந்தது.
என் விடுமுறை வெள்ளிக்கிழமை.

ஒரு பெருநாளன்று
இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றேன்.
என் தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிற ஷம்ஷேர்தான் காவல்.
'குடும்பம் எங்கே?'
'பர்ஸில்.'
இரண்டு பேரும் சிரித்தோம்.
கதவை அவன் திறக்கவில்லை.

நடுவே போய் நிற்கிறேன்.
இரண்டு அங்குலப் பனிக்கடியில் நாங்கள் பூசிய வெள்ளை
இப்போது திட்டுத்திட்டாய் உரிந்து,
சிமெண்ட்டுக்குத் தேமல் வந்ததுபோல.
ராத்திரி மூன்று மணிக்கு
இதன்மேல் வெந்நீர் பாய்ச்சுவேன்.
வெந்நீர் ஊற்றினால்தான் பனி வழவழப்பாகும்.
ஊரில் சொன்னபோது
என் மச்சான் உட்பட ஒருவரும் நம்பவில்லை.

அப்படியொரு மூன்று மணிக்குத்தான்
நாற்பத்திரண்டாம் எண் காலணியை மாட்டினேன்.
வயதும் கிட்டத்தட்ட அதுவே.
விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன்.
கடைசியில் ஒரு தடவை
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்
யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் போனேன்.
மறுநாள் மேனேஜர் ஹிஷாம்
கேமராத் திரையைத் துடைத்தபடியே
'பதினொன்று' என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பன்னிரண்டாவதையும் பார்த்திருப்பார்.

இயந்திர அறையில் ஆணியில் தொங்குகிறது பதிவேடு.
என் கையெழுத்து இவ்வளவு நன்றாகவா இருந்தது?
இரண்டு மணி: மைனஸ் ஐந்தரை.
நான்கு மணி: மைனஸ் ஐந்தரை.
பக்கம் பக்கமாக அதே குளிர்.
ஓர் ஆகஸ்ட் இரவில் மட்டும்
மைனஸ் மூன்று, மைனஸ் ஒன்று, பூஜ்யம்.
கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து,
கேம்ப்பிலிருந்து கம்பளிகளை அள்ளி வந்து
பனிக்குப் போர்த்தினோம்.
அந்த ராத்திரிதான்
ஊரிலிருந்து போன் வந்தது.
அதை எழுதவில்லை.
பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை.

வால்வைத் திறந்தேன். நீளமான சீறல்.
தராசில் முள் ஏறி நின்றது:
நூற்றுப் பதினெட்டு கிலோ.
பதினொரு வருஷக் குளிர்
ஒரு நோஞ்சான் வேனில் ஏறிவிடும்.

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
தன் பகதூர் சேஃப்டி ஷூவோடு ஓடிவந்து
வெறும் தரையில் வழுக்கிப் பார்த்தான்.
'க்ரீச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.
'பாய், இது சரியில்லை.'

பாலம் தாண்டிய பிறகே நினைவு வந்தது.
கால் பழக்கத்தில் பின்கதவு வழியாக வந்துவிட்டோம்,
முன்கதவு திறந்தே கிடக்கிறது.
'விடுங்கள் பாய், புதன்கிழமை
இடிக்கத்தானே போகிறார்கள்?'

வண்டியைத் திருப்பச் சொன்னேன்.